புல்தரையில் நின்ற கூடத்து விளக்கு

ஹேலர் தெருவில் எந்த வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டியதில்லை. பொழுது சாயும் நேரத்தில் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஒரு நடை போய் வந்தால் போதும். அந்த வீடுகளைக் கட்டினவன் ஒவ்வொரு வீட்டு முன்புல்தரையிலும் ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, அதன் தலையில் கண்ணாடிக் கூண்டு வைத்த விளக்கு ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருந்தான். இருட்டினால் எல்லா விளக்கும் எரியும். விளக்கு எரியாத வீட்டுக்காரர்கள் கிளம்புகிறார்கள் என்று அர்த்தம். விட்டுவிட்டுப் போகப்போகிற வீட்டுக்கு எவன் காசு கொடுத்து பல்பு வாங்கி மாட்டுவான்?

மற்ற ஊர்களில் இதற்குப் பலகை உண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டி இருந்த இந்த ஊரிலும் ஒரு காலத்தில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் மட்டுமே இருந்த தெருவில் முதல் கறுப்புக் குடும்பம் குடிவந்த கோடையில் ஒரு வீட்டுப் புல்தரையில் 'விற்பனைக்கு' என்று பலகை முளைத்தது. அடுத்த வாரம் நாலு வீட்டில் முளைத்தது. தரகர்கள் வீடு வீடாக டெலிபோன் போட்டு, "இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்கள். பல் வைத்தியர் போனார். இரண்டு இன்ஜினியர்கள் போனார்கள். தெருவே காலியாகிவிடும் போலிருக்கிறதே என்று பயந்துபோய், இனி யாரும் வாசலில் பலகை நடக்கூடாது என்று நகராட்சி சட்டம் போட்டது. சட்டத்தால் பலகையைத்தான் பிடுங்க முடிந்தது. ஜனங்கள் விளக்கைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

அந்த முதல் குடும்பம்தான் பெட்வே குடும்பம். லூஷியஸ் பெட்வே லாரிகளுக்குச் சக்கர அச்சு செய்கிற தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டினான். அவன் மனைவி வெர்னீட்டா ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளுக்குத் தட்டு அடுக்கும் வேலைக்குப் போய், இப்போது அந்தச் சமையலறைக்கே மேற்பார்வையாளராகிவிட்டாள். குடிவந்த வருஷத்தில் அந்தத் தெருவில் அவளோடு ஒரு வார்த்தை பேச ஆள் இல்லை. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. வாசல் விளக்கைத் தினமும் துடைத்தாள். மற்ற வீடுகளில் ஆறு மணிக்கு எரிந்தால் அவள் வீட்டில் ஐந்தரைக்கே எரிந்தது. அப்படிப் பிடிவாதம் பிடித்தவளை எனக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவுக்கே பிடித்துப் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் தாமதமாகப் பிடித்தது, அவ்வளவுதான்.

அக்டோபர் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. ஏரிக் காற்று ஈரத்தோடு வீசிக்கொண்டிருந்தது. மேப்பிள் மரங்கள் இலையைக் கொட்டி முடித்திருந்தன. அன்று ஆஸ்பத்திரி வேலை இல்லாததால் வெர்னீட்டா காலையிலேயே அடுப்பில் காலர்ட் கீரையை, புகையில் வாட்டின பன்றிக் கணுக்காலோடு மெல்லிய தீயில் வேகப் போட்டுவிட்டு, வாருகோலை எடுத்துக்கொண்டு புல்தரைக்கு வந்தாள். அங்கே கம்பம் இல்லை. கம்பம் நின்ற இடத்தில் ஒரு குழி இருந்தது.

லூஷியஸ் விடியற்காலையில் வேலைக்குப் போவதற்கு முன்பே பிடுங்கிவிட்டான். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனான். "வெர்னீ, அந்தக் கம்பத்த எடுத்துட்டேன். அடில துருப்பிடிச்சு ஆடிக்கிட்டு கெடந்துச்சு. பனி விழுந்தா எவன் தலையிலயாவது சாஞ்சிரும். ஒயர சுத்தி ஒட்டிருக்கேன், ஃபியூஸையும் புடுங்கிட்டேன். பயப்படாத." அவள் தூக்கக் கலக்கத்தில் சரி என்று சொல்லியிருந்தாள். கம்பம் ஆடுவது வாஸ்தவம்தான்.

இலையை வாரி ஓரம் சேர்ப்பது பார்க்க லேசான வேலை. இடுப்பைக் கேட்டால் தெரியும். ஈர இலை அட்டை அட்டையாக ஒட்டிக்கொண்டு வரும். எல்லாவற்றையும் தெருவோரம் குவித்து வைத்தால் நகராட்சி லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். அவள் பாதிப் புல்தரை வாரி முடிப்பதற்குள் கெய்தர் வந்துவிட்டார். பல் வைத்தியர் விட்டுப்போன வீட்டை வாங்கினவர் அவர்தான். உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார், தெருச் சங்கத்துக்குத் தலைவர், வெர்னீட்டா போகிற தேவாலயத்திலேயே பாடகர் குழுவில் தடித்த குரல். சனிக்கிழமையும் டை கட்டியிருப்பார்.

"காலை வணக்கம் சிஸ்டர் பெட்வே."

"வணக்கம் பிரதர் கெய்தர். என்ன, ஞாயித்துக்கெழமன்னு நெனச்சு கெளம்பிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. குழியைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல. சும்மா நடந்து வந்தேன். உங்க விளக்கு..."

"துரு."

"துருவா?"

"அடிக்கம்பம் பூரா துரு. லூஷியஸ் எடுத்து கராஜ்ல போட்டிருக்காரு. வேற நடுவாரு. நாங்க எங்கயும் போகல பிரதர். அத கேக்கத்தான வந்தீங்க?"

"அப்படியே வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா கேட்டா எப்படி பதில் சொல்றது?" என்று அவர் கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டார். "என் வீட்டுக்காரி காலைல ஜன்னல தொறந்தவ அப்படியே உக்காந்துட்டா சிஸ்டர். பெட்வே வீட்டுக் கம்பத்தையே காணோம், இனிமே நாம இங்க இருந்து என்ன பண்றதுன்னு. விளக்கு அணஞ்சு பாத்திருக்கோம். கம்பமே போயி இதுவரைக்கும் பாத்ததில்ல."

"போயி அவள எந்திரிக்கச் சொல்லுங்க. அடுப்புல கீர கெடக்கு, சாயங்காலம் ஒரு கிண்ணம் குடுத்து அனுப்புறேன்."

அவர் போனதும் எதிர்வரிசை நசாரியோ வந்தான். போர்ட்டோ ரிக்கோக்காரன், பேக்கரியில் ராவேலை முடித்துத் தூங்கப் போகிற நேரம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவனுக்கும் துரு என்றாள். தபால்காரருக்கும் துரு என்றாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஊறியது. பொய் சொல்வானேன். ஒரு காலத்தில் இவர்கள் வந்ததற்காக விளக்கை அணைத்த தெரு, இப்போது இவர்கள் போய்விடுவார்களோ என்று வாசலுக்கு ஆள் மேல் ஆள் அனுப்புகிறது. இதைப் பார்க்க அவளுடைய அம்மா உயிரோடு இல்லையே என்றிருந்தது.

பக்கத்து வீட்டு மிசஸ் மோடிச் மட்டும் வரவில்லை. அதுதான் வெர்னீட்டாவுக்கு உறுத்தலாக இருந்தது. மோடிச் குடும்பம் ஸ்லோவேனியாக்காரர்கள். கொல்லையில் திராட்சைப் பந்தல், நிலவறையில் ஒயின் பீப்பாய். கணவர் லோய்ஸ் மோடிச்சும் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்தான். இவர்கள் குடிவந்த கோடை முழுக்க அவர் வேலிப்பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அந்தக் குளிர்காலம் முதல் பனி கொட்டினபோது லூஷியஸ் வேலைக்குக் கிளம்புமுன் தன் நடைபாதையோடு அவர் நடைபாதையையும் சேர்த்து வழித்து விட்டுப் போனான். அடுத்த பனிக்கு லோய்ஸ் அதற்கும் முன்னால் எழுந்து இரண்டையும் வழித்துவிட்டார். அந்தக் குளிர்காலம் பூராவும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல், யார் முன்னால் எழுந்திருக்கிறார்கள் என்று போட்டி போட்டார்கள். வசந்தத்தில் வேலிக்கு மேலாகத் தக்காளி நாற்று வந்தது. லோய்ஸ் இறந்தபோது சவப்பெட்டியைத் தூக்கினவர்களில் லூஷியஸும் ஒருவன்.

மத்தியானம் மிசஸ் மோடிச் வந்தாள். கையில் துணி மூடிய தட்டு. உள்ளே வால்நட் அரைத்து உருட்டின சுருள் ரொட்டி. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் அதைச் செய்வாள். 

"என்ன மிசஸ் மோடிச், இப்ப ஏது பண்டிகை?"

"பண்டிகை இல்ல. வழியனுப்புறதுக்கு வெறுங்கையோடவா வர முடியும்?" என்று சொல்லி அவள் தட்டைப் படிக்கட்டில் வைத்தாள். கிழவியின் கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் கறாராக இருந்தது. "எட்டிகிட்ட பேசிட்டேன். அடுத்த வாரம் வந்து என்னக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன். ரெண்டு வருஷமா அவன் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கான். பெட்வே வீட்டுல விளக்கு எரியிற வரைக்கும் நான் நகர மாட்டேன்டான்னு சொல்லிட்டே இருந்தேன். இனிமே சொல்றதுக்கு என்ன இருக்கு? நீயாச்சும் என்கிட்ட முன்னாடி சொல்லிருக்கலாம்."

எட்டி அவளுடைய மகன். இன்னும் கிழக்கே, மக்காச்சோள வயலை அழித்துப் புதிதாக முளைத்த ஊரில் வீடு கட்டியிருந்தான். அங்கே எல்லா வீடும் ஒரே நிறம், எல்லா ஆளும் ஒரே நிறம் என்று லூஷியஸ் கேலி செய்வான்.

"அடக் கடவுளே. துரு மிசஸ் மோடிச். வெறும் துரு. காலைலருந்து ஊருக்கே சொல்லிட்டு இருக்கேன், உங்களுக்கு மட்டும் காதுல விழலையா? வாங்க, கராஜ்ல கம்பம் கெடக்கு, கையாலயே தொட்டுப் பாருங்க."

மிசஸ் மோடிச் நிஜமாகவே போய்த் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டின துருவை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள். பிறகு கராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சத்தியமா போகலதான?"

"நான் எப்பவாச்சும் உங்ககிட்ட பொய் சொல்லிருக்கேனா?"

"சொன்னதில்ல. சரி, எட்டிக்கு மறுபடி போன் பண்ணணும். கத்துவான். கத்தட்டும்." போகிறபோது தட்டைப் பார்த்தாள். "அத வச்சுக்கோ. திரும்ப எடுத்துட்டுப் போனா நல்லா இருக்காது."

நாலு மணி சுமாருக்கு டெலிபோன் அடித்தது. தேன் ஒழுகும் ஆண்குரல். விட்லோ என்று ஒரு தரகர். மகள் ஜோனெட் படிக்கிற பள்ளியில் வெர்னீட்டா அவரைப் பார்த்திருக்கிறாள்.

"மிஸ்டர் பெட்வே இல்லீங்களா? பரவால்ல, நீங்களே சொல்லிடுங்க மேடம். அந்தப் பக்கம் கார்ல போனேன், கம்பத்த எடுத்துட்டாரு, பாத்தேன். நான்தான் சொன்னேன், அந்தக் கோணக் கம்பம் வாசல்லயே கண்ண உறுத்துது, வாங்குறவன் உள்ள வர்றதுக்கு முன்னாடியே வெலயக் கொறச்சிருவான்னு. புதுசா வெள்ளைல ஒண்ணு நட்டுட்டாருன்னா நான் ஆளுங்கள கூட்டிட்டு வந்துருவேன்."

"எந்த ஆளுங்கள?"

"வீட்டுல பேசிட்டேன்னுதான் சொன்னாரு," என்றார் விட்லோ. குரலில் தேன் வற்றியிருந்தது.

வெர்னீட்டா டெலிபோனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். கீரையைத் தொடத் தோன்றவில்லை. விஷயம் அவளுக்கு உடனே புரிந்தது. தொழிற்சாலை தெற்கே டென்னசி மாநிலத்துக்கு இடம் மாறிப் போகிறது. லூஷியஸ் இந்த ஒரு மாதமாக அச்சு கடையவில்லை. தான் பதினெட்டு வருஷமாக ஓட்டின இயந்திரத்துக்குக் கிரீஸ் தடவி, எண்ணெய்க் காகிதம் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருக்கிறான். பெட்டிகளோடு கொஞ்சம் ஆட்களையும் அழைத்துப் போகிறார்களாம், அதே சம்பளமாம். அவன் பெயரும் அதில் இருந்தது. இங்கேயே இருந்தால் பள்ளிக்கூடத்தில் கொதிகலன் பார்த்துக்கொள்கிற வேலை கிடைக்கும், சம்பளம் பாதி. யோசிக்கலாம் என்று சொல்லியிருந்தான். யோசித்து முடித்துவிட்டதை அவளிடம்தான் சொல்லவில்லை.

கோபம் வந்தது. அதைவிட அவமானம் பெரிதாக வந்தது. காலையிலிருந்து வாசலில் நின்று அத்தனை பேரிடமும் என்ன சொன்னாள்? கிழவியைத் தொட்டுப் பார்க்க வைத்தாளே. அந்தக் கிழவி மகனிடம் சண்டை போட்டுக்கொண்டு வரமாட்டேன் என்று சொல்லியிருப்பாள் இந்நேரம். இப்போது வேலிப்பக்கம் போய், நீங்கள் நினைத்ததுதான் சரி, எனக்குத்தான் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். இருட்டுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தூறல் போட ஆரம்பித்திருந்தது. கெய்தர் வீட்டு விளக்கு எரிந்தது. நசாரியோ வீட்டு விளக்கு எரிந்தது. மோடிச் வீட்டு விளக்கு எரிந்தது. தன் வாசலில் மட்டும் ஒரு இருட்டு, அதில் ஒரு குழி.

"போடா," என்றாள் வெர்னீட்டா, ஜோனெட்டும் ராத்தங்கச் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்ததால் யாரும் இல்லாத வீட்டில்.

கூடத்தில் சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு நிலைவிளக்கு நின்றது. ஆள் உயரம், பித்தளைத் தண்டு, பல்பின் மேல் கவிழ்த்த, குஞ்சம் வைத்த மஞ்சள் பட்டுக் கூடை. மேற்பார்வையாளரான முதல் மாதச் சம்பளத்தில் அதை வாங்கினாள். அதன் கூடை மேல் படிந்த தூசியைக்கூட மகள் ஜோனெட் தொடக்கூடாது. அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இடுப்பில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். குழியின் மேல் ஒரு பலகையைப் போட்டாள். பலகை மேல் விளக்கை நிறுத்தினாள். கிறிஸ்துமஸ் விளக்குக்குப் போடுகிற நீள ஒயரை ஜன்னல் வழியாக இழுத்து வந்து, இரண்டு ஒயரும் சேருகிற இடம் நனையாமல் பிளாஸ்டிக் பை சுற்றினாள். தூறலுக்கு லூஷியஸின் கறுப்புக் குடையை விரித்து, விளக்குத் தண்டோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டினாள். உள்ளே போய் சுவிட்சைப் போட்டாள்.

ஹேலர் தெருவில் அன்று அந்த விளக்கு எரிந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்வார்கள். ஈரப் புல்லில், குடை பிடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி அது நின்றது. போகிற கார்கள் வேகம் குறைத்துப் போயின.

லூஷியஸின் கார் வந்தது. திரும்புகிற இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. அவன் இன்ஜினை அணைத்துவிட்டு வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கினபோது கையெல்லாம் கிரீஸ். வெர்னீட்டா படிக்கட்டில் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"விட்லோ போன் பண்ணுனான்," என்றாள்.

"ம்."

"வீட்டுல பேசிட்டேன்னு சொன்னியாமே. எந்த வீட்டுல?"

அவன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் தட்டினான். "சொல்லத்தான் நெனச்சேன் வெர்னீ. ஒவ்வொரு தடவையும் நீ அந்த விளக்கத் தொடச்சிட்டு இருப்ப. எங்கருந்து ஆரம்பிக்கிறது?"

"துருன்னு ஆரம்பிச்சியே, அந்த மாதிரிதான்."

"துரு நெசம்தான்."

"துரு நெசம். மிச்சம்?"

லூஷியஸ் அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தான். "இன்னிக்கு என் மெஷின பெட்டில போட்டு ஆணி அடிச்சேன். என் கையால. நாப்பத்தெட்டு வயசுல போயி பள்ளிக்கூடத்து பாய்லருக்கு முன்னாடி வாளி வச்சிட்டு உக்காரச் சொல்றியா? உன் சம்பளம் என்னுதவிட ஒசந்து நிக்கும். உன் காசுல நான் சாப்பிடணும். எங்கப்பன் இதக் கேட்டா நாக்கப் புடுங்கிட்டு சாவான்."

"உங்கப்பன் அலபாமால பருத்தி எடுத்தாரு, உங்கம்மாவும்தான் எடுத்தாங்க. யாரு காசுல யாரு சாப்பிட்டா?" அவள் தெருவைக் காட்டினாள். "காலைல ஏழு மணிக்கு நின்னு பாரு. கெய்தர் வீட்டுல ரெண்டு காரு கெளம்புது. நசாரியோ படுக்கப் போறான், அவன் பொண்டாட்டி எந்திரிச்சுப் போறா. பல் வைத்தியர் இருந்த காலத்துல ஒரு ஆளு சம்பளத்துல ஒரு வீடு ஓடுச்சு. அவங்கதான் வீட்ட வித்துட்டு ஓடிட்டாங்களே. ரெண்டு பேரு தோள் குடுத்து நிக்கிறவங்கதான் இப்ப இங்க இருக்கோம். இதுல உனக்கு மட்டும் என்ன வெக்கம்?"

அவன் நக இடுக்கில் இருந்த கிரீஸைச் சுரண்டினான்.

"நீ டென்னசி போறேன்னா சொல்லு. நான் அழுதுட்டாச்சும் வருவேன். உன்ன விட்டுட்டு எங்க இருக்கப் போறேன்? ஆனா என் வாயால ஊருக்கெல்லாம் பொய் சொல்ல வச்ச பாரு, அது எனக்குத் தாங்கல லூஷியஸ். ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்து சொன்னேன். பத்து வருஷம் ஆச்சு இவங்க என் வார்த்தைய நம்ப." இதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. அவன் கிரீஸ் கையை நீட்டினான், அவளுடைய மேலங்கியைப் பார்த்தான், திரும்ப எடுத்துக்கொண்டான். அவளே அந்தக் கையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மிசஸ் மோடிச் தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு, செருப்போடு ஈரப் புல்லில் நடந்து வந்தாள். விளக்கைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். குடையை அண்ணாந்து பார்த்தாள்.

"கரண்ட் அடிச்சு ரெண்டு பேரும் சாகப்போறீங்களா? நல்ல பட்டுக் கூடைய கொண்டுவந்து மழைல வச்சிருக்கா பாரு." பிறகு லூஷியஸ் பக்கம் திரும்பினாள். "எட்டி நான் சொல்றத நம்பல. கம்பத்த புடுங்குனவன் வாயால கேட்டுட்டு போன் பண்ணுங்கிறான். நீயே சொல்லு. துருதானா?"

வெர்னீட்டா அவன் கையை விட்டாள். தரையைப் பார்த்தாள். அவன் என்ன சொன்னாலும் சரி, அதற்குத் துணையாக ஒரு வார்த்தை எடுத்துக் கொடுப்பதில்லை என்று இருந்தாள்.

லூஷியஸ் எழுந்து நின்றான். எதிரே அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தான். காற்றில் குடை ஒரு பக்கம் சாய்ந்தது, போய் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டான்.

"துருதான் மிசஸ் மோடிச். அடி பூரா ஏறிடுச்சு. நான் கவனிக்காம விட்டுட்டேன்," என்றான். கொஞ்சம் பொறுத்து, "லோய்ஸோட நேர் பாக்குற ரசமட்டம் உங்க நிலவறைல இன்னும் இருக்கா? நாளைக்கு தேவாலயம் விட்டு வந்ததும் வேற கம்பம் நட்டுரலாம்னு பாக்கறேன். தனியா நட்டா கோணலாப் போயிரும்."

"இருக்கு. எட்டிய வரச் சொல்றேன், கம்பத்தப் புடிச்சுக்கட்டும். கோவத்துல இருக்கான், வரும்போது ஒரு மூட்ட சிமெண்டும் வாங்கிட்டு வரச் சொல்லலாம்."

"திங்கக்கெழம பள்ளிக்கூடத்துக்குப் போயி பேசணும்," என்று லூஷியஸ் வெர்னீட்டாவிடம் சொன்னான். "விட்லோகிட்டயும்."

வெர்னீட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். கீரையைச் சுட வைத்தாள். மக்காச்சோள ரொட்டி சுட்டாள். ஒரு கிண்ணம் கெய்தர் வீட்டுக்குப் போனது. மூன்று பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு, வால்நட் ரொட்டியையும் வெட்டினார்கள். கூடத்துக்கு வேறு விளக்கு இல்லாததால் அது முழுக்க இருட்டாகவே கிடந்தது. மிசஸ் மோடிச் கிளம்பும்போது லூஷியஸ் அவளைக் கைப்பிடித்து, சோபாவில் இடித்துக்கொள்ளாமல், வாசல் வெளிச்சத்தைப் பார்த்து நடத்திக்கொண்டு போனான்.